நகரப் பேருந்தின் வரவும் செலவும்: திருவனந்தபுரத்தின் அனுபவம்

மக்கள் தம் இருப்பிடத்திலிருந்து பணியிடத்திற்கு எவ்வளவு எளிதாக, எவ்வளவு குறைந்த செலவில் சென்றுவர முடிகிறது என்பதைப் பொறுத்தே ஒரு நகரத்தின் பொருளாதார வாழ்வு அமைகிறது. அலுவலகமும் பள்ளியும் மருத்துவமனையும் சந்தையும் உரிய நேரத்தில் இயங்கத் தொடங்குவதற்குப் பேருந்து உரிய நேரத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். எனினும், நகரப் பேருந்துகளைப் பற்றி மிகுதியாகப் பேசப்படுவது அவற்றின் நட்டமே ஆகும். இந்த நட்டத்தில் நிர்வாகக் குறைபாட்டினால் விளைவது எவ்வளவு, சேவையின் இயல்பிலேயே அடங்கியிருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தின் அன்றாடப் பேருந்து இயக்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கல்கத்தாவில் 1984ஆம் ஆண்டிலும், டில்லியில் 2002ஆம் ஆண்டிலும், சென்னையில் 2015ஆம் ஆண்டிலும், கேரளத்திலேயே கொச்சியில் 2017ஆம் ஆண்டிலும் மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. திருவனந்தபுரத்தில் அத்தகைய நகர இரயில் இல்லை. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் முதலில் மோனோ இரயில் என்றும், பின்னர் இலகு மெட்ரோ என்றும் திட்டங்கள் ஆராயப்பட்டு வந்துள்ளன. ஆகவே இந்நகரின் பொதுப் போக்குவரத்துச் சுமை பெரும்பாலும் பேருந்தின் மீதே விழுகிறது.

அரசுப் பேருந்தின் தோற்றம்

இந்தியாவில் அரசே பேருந்துகளை இயக்க முற்பட்ட தொடக்க கால முயற்சிகளுள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முயற்சி குறிப்பிடத்தக்கது. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பலராம வர்மா அரசுப் போக்குவரத்துச் சேவையைத் தொடங்கி வைத்தார். இத்துறையை அமைக்கும் பொறுப்பு இ. ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இலண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றியவர். இலண்டனின் சுரங்க இரயிலையும் பேருந்துகளையும் டிராம் வண்டிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொணர்வதற்காக 1933ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வாரியம் அது. தொடக்கத்தில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய 60 காமர் அடிச்சட்டங்கள் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றுக்கு மேற்கூடு உள்ளூரிலேயே கட்டப்பட்டது. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நாகர்கோவில், கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலை முதலில் சேவை பெற்ற தடங்களுள் ஒன்று. மைலுக்கு அரைச் சக்கரம் என்பது அன்றைய கட்டணம்.

விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி 1965ஆம் ஆண்டில் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. அரசுத் துறையாக இருந்த சேவை, தனக்கெனக் கணக்கும் மூலதனமும் கொண்ட பொதுத்துறை நிறுவனமாக மாறியது. மாநிலத்தின் பிற பகுதிகள் பலவற்றில் தனியார் பேருந்துகளே மிகுதி. தலைநகரில் தனியார் வண்டிகள் சில ஓடினும் கழகத்தின் பங்கே பெரிது.

நகரின் அமைப்பும் வழித்தடங்களும்

திருவனந்தபுரம் சிறு குன்றுகளும் பள்ளங்களும் நிறைந்த நகரம். பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த கிழக்கேகோட்டையும், இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள தம்பானூரும் இதன் போக்குவரத்து மையங்கள். நகர வண்டிகள் பெரும்பாலும் கிழக்கேகோட்டையிலிருந்தும், தொலைதூர வண்டிகள் தம்பானூரிலிருந்தும் புறப்படுகின்றன. கிழக்கேகோட்டையிலிருந்து வடக்கே செல்லும் மகாத்மா காந்தி சாலையில் தலைமைச் செயலகம், பாளையம் ஆகியவை அமைந்துள்ளன. அதற்கப்பால் பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், கழக்கூட்டம் என்று சாலை நீள்கிறது. மருத்துவக் கல்லூரியும், 1990ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கும் இவ்வட பகுதியிலேயே உள்ளன.

இத்தலைநகரின் பெருந்தொழில் அரசு நிர்வாகம். அதனால் பெருந்திரளான மக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே திசையில் பயணம் செய்கின்றனர். நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை, நெடுமங்காடு, ஆற்றிங்கல் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் அரசு ஊழியர்களும் மாணவர்களும் நாள்தோறும் நகருக்குள் வந்து மாலையில் திரும்புகின்றனர். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மையத்தை நோக்கி வரும் தடங்களே இவர்களது தேவைக்கு ஏற்றவையாக வளர்ந்தன.

ஒரு நாளின் ஒழுங்கு

பேருந்தின் நாள் உண்மையில் முந்தைய இரவிலேயே தொடங்குகிறது. பணிமனைக்குத் திரும்பும் ஓட்டுநர் வண்டியில் கண்ட பழுதுகளைப் பதிவேட்டில் எழுதுகிறார். நடத்துநர், வேபில் எனப்படும் பயணக் கணக்கை ஒப்படைத்துப் பணத்தைச் செலுத்துகிறார். இரவில் வண்டி கழுவப்பட்டு, எரிபொருள் நிரப்பப்பட்டு, பிரேக், டயர், விளக்கு ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. மறுநாள் எந்த வண்டி எந்த ஷெட்யூலுக்குச் செல்ல வேண்டும் என்பதும் அப்போதே முடிவாகிறது. ஷெட்யூல் என்பது ஒரு வண்டி காலை முதல் இரவு வரை ஓட வேண்டிய நடைகளின் தொகுப்பு. பழுது நீங்காத வண்டி ஒன்றிருந்தால், மாற்று வண்டி இல்லாதவிடத்து அந்த ஷெட்யூல் முழுவதும் நின்றுவிடும். பயணி அதனை அறிவது நிறுத்தத்தில் காத்திருந்து ஏமாறும்போதுதான்.

எல்லா வண்டிகளும் இரவில் பணிமனைக்குத் திரும்புவதில்லை. கேரளத்தில் 'ஸ்டே' சர்வீஸ் எனப்படும் ஏற்பாடு ஒன்று உண்டு. இரவின் கடைசி வண்டி தொலைவிலுள்ள சிற்றூரிலேயே தங்கி, விடியற்காலையில் அங்கிருந்தே நகரை நோக்கிப் புறப்படுகிறது. ஓட்டுநரும் நடத்துநரும் அவ்வூரிலேயே உறங்குகின்றனர். பயணிகளின்றி வண்டி வெறுமனே ஓடும் தொலைவு இதனால் குறைகிறது. இரவில் கடைசியாக வீடு திரும்புவோருக்கும் காலையில் முதலில் புறப்படுவோருக்கும் ஒரே வண்டி பயன்படுகிறது.

பொழுது புலர்ந்ததும் நிலைய அதிகாரி புறப்பாட்டு நேரங்களைக் கண்காணிக்கிறார். வழியில் பரிசோதகர்கள் ஏறிப் பயணச்சீட்டுகளைச் சரிபார்க்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை கும்ப மாதத்தில் நடைபெறும் ஆற்றுக்கால் பொங்கல் நாளில் இலட்சக்கணக்கான பெண்கள் நகரில் கூடும்போது, இந்த ஒழுங்கு முழுவதும் மாற்றியமைக்கப்பட்டுச் சிறப்பு வண்டிகள் விடப்படுகின்றன.

நெரிசல் நேரமே செலவு மிக்க நேரம்

நகரப் பேருந்தின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை மனத்திற்கொள்ள வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் காலை வண்டிதான் இலாபம் தருகிறது என்றும், பாதி இருக்கைகள் காலியாக ஓடும் நண்பகல் வண்டிதான் நட்டம் தருகிறது என்றும் பலர் கருதுகின்றனர். ஆராய்ந்து பார்த்தால் நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது.

ஒரு நிறுவனம் எத்தனை வண்டிகளை வாங்க வேண்டும், எத்தனை பணியாளர்களை நியமிக்க வேண்டும் என்பதை நெரிசல் நேரத் தேவையே முடிவு செய்கிறது. காலையில் இரண்டு அல்லது மூன்று மணி நேரமும் மாலையில் அதே அளவும் ஓடுவதற்காக ஒரு வண்டி கூடுதலாக வாங்கப்பட்டால், அதன் விலை, வட்டி, தேய்மானம், பணியாளர் ஊதியம் ஆகிய அனைத்தும் அந்தச் சில மணி நேரத்தின் கணக்கிலேயே சேர வேண்டும். அந்த வண்டியும் ஒரு திசையில் மட்டுமே நிரம்புகிறது. எடுத்துக்காட்டாக, நகருக்குள் வரும்போது 60 பேரும் திரும்பும்போது 10 பேரும் ஏறினால், சராசரி 35 பேரே. நிற்க இடமின்றி வந்த பயணிக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் கணக்கேட்டில் பதிவாவது சராசரியே.

நண்பகல் நடையின் நிலை வேறு. வண்டி ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது. பணியாளரும் அன்றைய ஊதியத்திற்கு உரியவராகிவிட்டார். ஆகவே அந்த நடையை ஓட்டுவதால் கூடும் செலவு, எரிபொருளும் ஓரளவு தேய்மானமுமே. அதனை நிறுத்தினால் மிச்சமாவதும் அவ்வளவே. முழுச் செலவின் சராசரியைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்து, அதைவிடக் குறைந்த வசூல் தரும் நடைகளை எல்லாம் நீக்கினால், வருவாய் முழுவதும் போய், செலவில் ஒரு பகுதியே குறையும். எஞ்சிய நடைகளின் மீது நிலையான செலவின் சுமை கூடும். அடுத்த ஆண்டுக் கணக்கில் அவற்றுள்ளும் சில நட்ட நடைகளாகத் தோன்றும்.

மற்றொரு விளைவும் உண்டு. இரவு 9 மணி வண்டி நிறுத்தப்பட்டால், அதில் வந்துகொண்டிருந்த கடைச் சிப்பந்தியும் மருத்துவமனைப் பணியாளரும் காலை வண்டியையும் கைவிட்டு இருசக்கர வாகனத்தை நாடுவர். திரும்ப வழியில்லாத பயணத்தை எவரும் தொடங்கமாட்டார். ஆகவே ஒரு நடையின் பயனை அந்த நடையின் வசூலை மட்டும் கொண்டு மதிப்பிட இயலாது.

பணி நேரச் சிக்கல்

இரண்டு நெரிசல் நேரங்களுக்கு இடையில் பணியாளரை என்ன செய்வது என்பது எல்லா நாடுகளின் போக்குவரத்து நிறுவனங்களும் எதிர்நோக்கும் பிரச்சினையாகும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பணி நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரப் பணிக்குப் பின் அரை மணி ஓய்வு, பணியும் ஓய்வும் சேர்ந்து 12 மணி நேரத்திற்கு மேற்படாமை, பணியை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்காமை என்பவையும் அதன் விதிகள். தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலை பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இச்சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொள்ள வகை செய்தது. எனினும் இந்த எட்டும் பன்னிரண்டும் இத்துறையின் அடிப்படை எண்களாக ஊன்றிவிட்டன.

காலை 7 முதல் 11 வரையும் பிற்பகல் 3 முதல் 7 வரையும் ஒருவர் பணிபுரிந்தால், 8 மணி நேரப் பணி 12 மணி நேரத்திற்குள் அடங்குகிறது. இரு நெரிசல் நேரங்களுக்கும் ஒரே பணியாளர் போதும். நிறுவனத்தின் கணக்கில் இது சிக்கனமானது. ஆனால் இடைப்பட்ட 4 மணி நேரத்தைத் தொழிலாளி எங்கே கழிப்பார்? வீடு தொலைவில் இருந்தால் அந்நேரம் ஓய்வும் ஆகாது, ஊதியமும் தராது. கேரளக் கழகத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த இரட்டைப் பணி முறைக்கு மாற்றாக, 12 மணி நேர வரம்புடைய ஒற்றைப் பணி முறை 2022 அக்டோபரில் பாறசாலைப் பணிமனையில் செயற்படுத்தப்பட்டபோது தொழிற்சங்கங்களிடையே எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓய்வறை, குடிநீர், உணவு, கழிப்பிடம் ஆகிய வசதிகளைச் செய்து தராமல் இம்முறையைப் புகுத்தினால், நிறுவனத்தின் செலவு ஒழிவதில்லை. அது தொழிலாளியின் தலைக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே.

சாலை நெரிசலின் விலை

பேருந்தின் செலவில் ஒரு பகுதி பணிமனைக்கு வெளியே, சாலையில் உண்டாகிறது. ஒரு தடத்தில் சென்று திரும்ப 90 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். 15 நிமிடத்திற்கு ஒரு வண்டி வேண்டுமாயின் 6 வண்டிகள் தேவை. சாலையில் வாகனங்கள் பெருகிச் சுற்று நேரம் 105 நிமிடமாக உயர்ந்தால், அதே சேவைக்கு 7 வண்டிகள் வேண்டும். பயணி ஒருவர்கூட அதிகரிக்கவில்லை. வசூலும் கூடவில்லை. ஆயினும் ஒரு வண்டியும் அதற்குரிய பணியாளரும் கூடுதலாகத் தேவைப்படுகின்றனர். வண்டியைக் கூட்டாவிட்டால் இடைவெளி நீளும். காத்திருக்க மனமில்லாத பயணி சொந்த வாகனம் வாங்குவார். அதனால் நெரிசல் மேலும் கூடும். பேருந்து நிறுத்தங்களில் பிற வாகனங்கள் நிற்பதைத் தடுப்பதும், சாலைச் சந்திப்புகளைச் சீர்செய்வதும் மாநகராட்சி, காவல்துறை ஆகியவற்றின் பணிகள். ஆனால் அவற்றின் பயனும் பலவீனமும் போக்குவரத்துக் கழகத்தின் ஏட்டிலேயே வரவாகவும் செலவாகவும் பதிவாகின்றன.

வட்டச் சேவை

மையத்தை நோக்கிய தடங்களில் ஒரு குறை உண்டு. ஒரு புறநகர்ப் பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் மையத்திற்கு வந்து வண்டி மாற வேண்டும். இக்குறையைப் போக்க 2021 நவம்பரில் 'சிட்டி சர்குலர்' என்னும் வட்டச் சேவை தொடங்கப்பட்டது. முன்னர் ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் பெறப்பட்ட தாழ்தளப் பேருந்துகள் இதற்குப் பயன்பட்டன. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று வட்டங்களுக்கு நிறப் பெயர்கள் இடப்பட்டன. தடத்தின் பெயரைப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைக் கொண்டு வண்டியை அறியலாம். மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள், கல்வி நிலையங்கள் ஆகியவை இவ்வட்டங்களால் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு பயணத்திற்கு ரூ. 10 என்ற ஒரே கட்டணமும், ரூ. 50க்கு நாள் முழுவதும் செல்லத்தக்க பயணச்சீட்டும் அறிமுகமாயின.

இதன் பொருளாதாரக் காரணம் கவனிக்கத்தக்கது. அலுவலக நேரத்தில் மட்டும் நிரம்பும் ஆரத் தடங்களைப்போல் அன்றி, மருத்துவமனைக்குச் செல்பவரும் கடைவீதிக்குச் செல்பவரும் வட்டத் தடங்களை நாள் முழுவதும், இரு திசைகளிலும் பயன்படுத்த வாய்ப்புண்டு. இடைநேரத்தில் சும்மா நிற்கும் திறன் இவ்வாறு பயனுக்கு வருகிறது. முதல் சில மாதங்களில் வண்டிகளில் கூட்டம் குறைவாகவே இருந்தது. பின்னரே பயணிகளின் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்தது. புதிய தடம் மக்களின் பழக்கத்தில் இடம்பெறக் காலம் பிடிக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

மின் பேருந்தும் இலாபக் கணக்கும்

2022 ஆகஸ்டில் இவ்வட்டங்களில் மின் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2023 ஆகஸ்டில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் நிதியிலிருந்து வாங்கப்பட்ட 113 மின் பேருந்துகள் சேர்க்கப்பட்டன. கழகத்தின் துணையாக அமைக்கப்பட்ட ஸ்விஃப்ட் நிறுவனம் இவற்றை இயக்கும் பொறுப்பை ஏற்றது. மின் பேருந்தின் விலை அதிகம். ஆனால் டீசல் வண்டியைவிட அதன் ஓட்டச் செலவு குறைவு. மின்னேற்றத்திற்கு வண்டி நிறுத்தப்பட வேண்டும் என்பதால், நெரிசல் குறைந்த இடைநேரங்களைக் கருதி ஷெட்யூலை வகுக்க வேண்டியுள்ளது.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பேருந்துகள் இலாபம் தருகின்றனவா, நட்டம் தருகின்றனவா என்ற விவாதம் மாநிலத்தில் எழுந்தது. இரு வகையாகவும் வாதிக்கப்பட்டது. இதில் வியப்பில்லை. விடை, எவற்றைச் செலவாகச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வண்டி மானியத்தில் கிடைத்ததால் அதன் விலையைக் கணக்கில் சேர்க்காவிடில், மின்சாரமும் ஊதியமும் பராமரிப்பும் போக மிச்சம் காணலாம். விலையையும் மின்கலத்தின் ஆயுளையும் கருதித் தேய்மானம் ஒதுக்கினால் அந்த மிச்சம் மறையக்கூடும். ஓட்டச் செலவுக் கணக்கு, நாளை இந்த வண்டியை ஓட்டலாமா என்ற கேள்விக்கு விடை தரும். முழுச் செலவுக் கணக்கு, சில ஆண்டுகளுக்குப் பின் புதிய வண்டிக்குப் பணம் இருக்குமா என்பதைத் தெரிவிக்கும். இரண்டும் தேவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பதே பிழை.

சட்டத்தின் இரு கட்டளைகள்

1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, திறமையான, போதுமான, சிக்கனமான, ஒருங்கிணைந்த சாலைப் போக்குவரத்தை அளிப்பது கழகத்தின் கடமை என்று கூறுகிறது. 22ஆம் பிரிவு, கழகம் வணிக நெறிகளின்படி நடக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதில்தான் அன்றாட நிர்வாகத்தின் சிக்கல் அடங்கியுள்ளது. சிற்றூருக்கு இரவு வண்டி விடுவது 18ஆம் பிரிவின் கட்டளை. அதன் வசூல் போதவில்லை என்று சுட்டுவது 22ஆம் பிரிவின் குரல். கட்டணத்தை நிர்ணயிப்பதோ அரசு. 2022 மே மாதத்தில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் ரூ. 10 ஆக உயர்த்தப்பட்டது. மாணவர்களுக்கான சலுகைக் கட்டணம் கல்விக் கொள்கையின் ஒரு பகுதி. ஊழியர்களுக்கு 1984ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ஓய்வூதியத்தின் சுமையும் இன்றைய பயணியின் கட்டணத்தால் மட்டும் தாங்கத்தக்கதன்று. அதற்கு மாநில அரசின் உதவி தேவைப்பட்டு வருகிறது.

இவை அனைத்தும் ஒரே தொகையாக 'நட்டம்' என்ற தலைப்பில் காட்டப்படுவதால் இரு தீங்குகள் விளைகின்றன. பழுதான வண்டிகள், வீணாகும் ஓட்டம், கசியும் வசூல் ஆகிய உண்மையான குறைபாடுகள் சமூகக் கடமை என்னும் போர்வையில் மறைந்துவிடுகின்றன. சமூகக் கடமைக்கான நியாயமான செலவோ திறமைக் குறைவாகத் தோற்றமளிக்கிறது. மாணவர் சலுகைக்கு இவ்வளவு, வசூல் குறைந்த கிராமத் தடத்திற்கு இவ்வளவு, ஓய்வூதியத்திற்கு இவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுக்குரிய தொகையை அரசு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வழங்கினால், எஞ்சியதற்கு நிர்வாகத்தையும் பணியாளரையும் பொறுப்பாக்க முடியும்.

நகரப் போக்குவரத்தின் வெற்றியைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்ற ஒரே அளவுகோலால் அளப்பது போதாது. அறிவித்த நடைகளில் எத்தனை உண்மையில் ஓடின, குறித்த நேரத்தில் எத்தனை புறப்பட்டன, பயணி எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பனவும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும். திருவனந்தபுரத்திற்கு நகர இரயில் வந்தாலும் இத்தேவை குறையாது. இரயில் நிலையத்திலிருந்து வீட்டு வாயில் வரை பயணியைக் கொண்டு சேர்ப்பதும் பேருந்தாகவே இருக்கும். விடியற்காலையில் சிற்றூரிலிருந்து புறப்படும் வண்டி தவறாமல் புறப்படும் என்ற நம்பிக்கையின் மீதே ஒரு மாணவியின் கல்லூரிப் படிப்பும் ஒரு தொழிலாளியின் தினக்கூலியும் அமைந்துள்ளன. அந்த நம்பிக்கையைக் காப்பதற்கு ஆகும் செலவை முறையாகக் கணக்கிட்டு, யார் ஏற்பது என்பதைத் தெளிவாக முடிவு செய்வதே திட்டமிடுவோரின் கடமையாகும்.